உலக முடிவின் விளிம்பில் தடுப்பு வேண்டுமா, வேண்டாமா?

ஒளிப்பெட்டி:
போன மாதம் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் வந்தேன். உலக முடிவு என்கிற அந்த இடத்தில் பாறை சட்டென்று முடிந்து, ஏறக்குறைய 870 மீட்டர் ஆழத்துக்கு மலை இறங்குகிறது. அந்த விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து படம் எடுக்க ஒரு வரிசையே நின்றது. ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. விளிம்பு நெடுகக் கம்பித் தடுப்பு போட வேண்டும். நடுவில், பாறையிலிருந்து வெளியே நீண்டிருக்கும் கண்ணாடித் தளம் ஒன்றும் அமைக்கலாம். பிரான்சின் எய்குய் டு மிடி மலையில் 3842 மீட்டர் உயரத்திலேயே 2013இல் கண்ணாடிக் கூண்டு கட்டிவிட்டார்கள். இங்கே ஏன் முடியாது?

பதுளைப்பையன்:
முடியாது என்று யாரும் சொல்லவில்லை, கூடாது என்கிறேன். எய்குய் டு மிடியில் 1950களிலிருந்தே கேபிள் கார் நிலையம் இருக்கிறது. ஏற்கெனவே கட்டிடம் இருந்த உச்சியில் ஒரு கூண்டைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் நீர் ஊறும் இடம். நுழைவாயிலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அப்படிக் காக்கும் புல்வெளியில் கிரேனையும் சீமெந்துக் கலவை இயந்திரத்தையும் கொண்டு வரச் சொல்கிறீர்களா அண்ணா?

கோவை செல்வி:
தம்பி, கண்ணாடித் தளம் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் தடுப்பையும் சேர்த்து மறுப்பது சரியில்லை. 2015 பிப்ரவரியில் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் அங்கே விழுந்தார். மனைவியைப் படம் எடுக்க இரண்டடி பின்னால் வைத்தார், கீழே போய்விட்டார். ஏறத்தாழ 40 மீட்டருக்குக் கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார், ராணுவத்தினர் கயிறு கட்டி மேலே கொண்டு வந்தார்கள். அவர் விளிம்பில் வித்தை காட்டியவர் இல்லையே. கேமராவில் கண்ணை வைத்திருப்பவருக்குக் காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இடுப்பளவு மரத்தடுப்பு ஒன்று இருந்தால் முதுகு அதில் முட்டியிருக்கும். அதற்குக் கிரேன் எதற்கு?

பதுளைப்பையன்:
அக்கா, அந்த விளிம்பு ஒரு மொட்டைமாடிச் சுவர் மாதிரி நாலு பக்கமும் அளந்து முடிகிற இடம் இல்லை. அந்தப் பக்கம் மலைச்சரிவு கிலோமீட்டர் கணக்கில் போகிறது. ஓரிடத்தில் வேலி போட்டால், வேலி இல்லாத அடுத்த பாறைக்குப் புதரை விலக்கிக்கொண்டு போவார்கள். நார்வேயின் பிரெய்கெஸ்டோலன் 604 மீட்டர் உயரம். மேலே தட்டையான பாறை, சுற்றி ஒரு கம்பிகூடக் கிடையாது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் அதில் ஏறி நின்றுவிட்டு வருகிறார்கள்.

ஒளிப்பெட்டி:
அங்கேயும் விழுந்து இறந்தவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டீர்கள்.

மூடுபனி:
நீங்கள் மூவரும் பாறையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பல வருடமாக அங்கே படம் எடுக்கிறவன். ஆபத்து அவசரத்தில் இருக்கிறது. வெயில் ஏறியதும் தெற்கே தாழ்நிலத்துக் காற்று சூடாகிச் சரிவோடு மேலே வரும். வரும் வழியில் குளிர்ந்து மேகமாகி, ஒன்பது பத்து மணிக்குள் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடிவிடும். அதற்குப் பிறகு வெள்ளைத்திரை மட்டுந்தான். அதனால் அன்று வந்த அத்தனை பேரும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே பாறையில் இடித்துக்கொள்கிறார்கள். வனஜீவராசிகள் திணைக்களம் நேரம் பிரித்துச் சீட்டுக் கொடுத்து, பாறையில் ஒரு சமயத்தில் இத்தனை பேர் என்று நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம், படத்துக்காக விளிம்பில் உட்காரவே தேவையில்லை. நிற்பவரை விளிம்பிலிருந்து நாலடி உள்ளே நிறுத்துங்கள். நீங்கள் பக்கவாட்டில் தள்ளிப்போய், கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து எடுங்கள். நடுவில் உள்ள பாறை சட்டகத்தில் மறைந்துவிடும். அவர் அந்தரத்தில் நிற்பது போலவே தெரியும். காலையில் சூரியன் இடது பக்கம் இருப்பதால் பாறை மடிப்புகளில் நிழல் விழும், ஆழம் தானாகப் படத்தில் வரும். வழியில் முதலில் வரும் சிறிய உலக முடிவில் அநேகமாகக் கூட்டமே இருக்காது. அங்கே சுமார் 270 மீட்டர்தான் என்று எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குப் பிடித்த படங்கள் அங்கே எடுத்தவை.

கோவை செல்வி:
உங்களுக்குத் தெரிந்த உத்தி அங்கே வரும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பயிற்சி உள்ளவர்களை மட்டும் மனதில் வைத்து விதி செய்ய முடியுமா? பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். அந்தப் பாறை பனியில் நனைந்து வழுக்குவதை நான் பார்த்தேன்.

கீழ்த்தோட்டத்தான்:
உலக முடிவிலிருந்து கீழே பச்சையாகத் தெரியும் இடத்தில் நன்பேரியல் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் அங்கே லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் ‘முடிவு’ அவர்களுக்குத் தலைக்கு மேலே நிற்கும் சுவர். மேலே நின்று கல்லைத் தள்ளிவிட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுக்கிறார்கள் சிலர். கீழே கொழுந்து எடுக்கும் ஆட்கள் உண்டு என்று ஒரு பலகை அங்கே இருந்தால் நல்லது, மூன்று மொழியிலும். தடுப்பைப் பற்றி என் கருத்து இதுதான்: படம் எடுக்கும் பிரதான பாறையில் மட்டும் மரத்தால் போடுங்கள். மிச்ச இடத்தில் ஆளைப் போடுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். கம்பி பேசாது. பாதையும் காற்றும் தெரிந்த ஆள், ‘அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வாங்க’ என்று சொல்வான்.

பதுளைப்பையன்:
அண்ணன் சொல்வதில் ஆள் போடும் யோசனைக்கு நான் முழுச் சம்மதம். மரத்தடுப்புக்கு இல்லை. அந்த ஈரத்தில் மரம் உளுத்துப்போகும். உளுத்த தடுப்பில் சாய்கிறவனுக்கு, தடுப்பே இல்லாத பாறையைவிட ஆபத்து அதிகம்.

கோவை செல்வி:
அப்படியென்றால் ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள் தம்பி. வெளிநாட்டவரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் கொஞ்சமா?

ஒளிப்பெட்டி:
கண்ணாடித் தளத்தை நான் இன்னும் விடவில்லை. பூங்காவுக்கு வெளியே, ஏற்கெனவே ரோடும் கட்டிடமும் உள்ள வேறொரு மலை முகப்பில் கட்டினால் கூட்டம் பிரியும், உலக முடிவும் மூச்சு விடும். அதற்குப் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் பொருத்தமான இடம் எது என்று அந்தப் பகுதிக்காரர்கள் சொல்லுங்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து தொடர்கிறேன்.