மறுமொழி: வடிவமும் மரபணு வெளிப்பாடும் சேர்ந்து மாறுவதற்கு ஒரு சொல்

வணக்கம். உயிரியின் வடிவமும் அதன் மரபணு வெளிப்பாடும் சேர்ந்து மாறுவதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிக்கலாம் என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு என் பதில் இது. முதலில், ஒருவர் தந்த யோசனை:

> 'மரபணு வடிவியல்' என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கும்.

சுருக்கம்தான். ஆனால் வடிவியல் என்றதும் மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், மரபணுதான் வடிவத்துக்குக் காரணம் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நாம் செய்வது அவ்வளவு இல்லை. ஓர் உயிரியின் திசுவில் எந்த மரபணு எவ்வளவு வெளிப்பட்டிருக்கிறது, அதாவது எவ்வளவு ஆர்.என்.ஏ. உண்டாக்கியிருக்கிறது என்று எண்ணுகிறோம். அதே உயிரியின் உடலில், எல்லா உயிரியிலும் ஒத்த இடங்களில், குறிப்புள்ளிகள் வைத்து வடிவத்தை அளக்கிறோம். ஒன்று மாறும்போது மற்றதும் மாறுகிறதா என்று பார்க்கிறோம்.

கலாபகோஸ் தீவுகளில் வாழும் டார்வின் குருவிகளில், தடித்த அலகுள்ள இனத்தின் கருவில் பி.எம்.பி.4 என்ற மரபணு கூடுதலாக வெளிப்படுவதை 2004-இல் கண்டார்கள். அப்புறம் கோழிக் கருவில் அதே மரபணுவை மிகையாக இயங்கவைத்தார்கள், அலகு தடித்தது. சேர்ந்து மாறுவதைக் கண்டது மட்டும் போதவில்லை, மரபணுதான் காரணம் என்று பேச அந்தச் சோதனை தேவைப்பட்டது.

சரி, வடிவமா உருவமா? போன மாதம் காசிமேட்டில் வெள்ளை வவ்வால் மீன் வாங்கி, தெர்மோகோல் பலகையில் கிடத்தி, துடுப்பை விரித்து ஊசி குத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தேன். மூக்கு நுனி, கண்ணின் நடு, வால்துடுப்பு தொடங்கும் இடம் என்று புள்ளிகள். (அங்கே வடிவம் மட்டும்தான் எடுக்க முடியும், செத்த மீனில் ஆர்.என்.ஏ. நேரம் ஆக ஆகச் சிதைந்துவிடும்.) மீன் விற்ற அக்கா எட்டிப் பார்த்து, "சின்னது பெருசு எதுக்குப்பா? சைஸுதான் வேற, சாடை ஒண்ணுதான்" என்றார். நாம் தேடிய வேறுபாடே அதுதான். இடம், திசை, அளவு மூன்றையும் கழித்த பின் மிஞ்சுவது அவர் சொன்ன சாடை. அதற்கு 'வடிவம்', அளவும் சேர்ந்ததற்கு 'உருவம்' என்று பிரித்துக்கொள்வோம். வகுப்பில் விளக்கும்போது நான் சாடை என்றே சொல்லப்போகிறேன்.

இன்னொருவர் தந்த 'இணையாய்வு' அழகான சொல். ஆனால் இன்றைக்கு அதைப் படிப்பவர் இணையத்தில் செய்யும் ஆய்வு என்றே நினைப்பார். 'இணை'க்குப் பதில் 'உடன்' போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. உடன்பிறந்தவர், உடன்படிக்கை என்று வாயில் பழகிய சொல். அதனால் என் பரிந்துரை: 'வடிவ-வெளிப்பாட்டு உடன்மாற்றம்'. நீளம்தான், ஆனால் தரவு சொல்லாத எதையும் இது சொல்லவில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'குறிப்புள்ளி'யை மட்டும் இன்றே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து