தண்டையார்பேட்டை தெரு குரூப்: ஏழா, ஒன்பதா?

[8:04] கீழ்வீட்டு அக்கா: டீச்சர் இருக்கீங்களா? பையனுக்கு நாளைக்கு டெஸ்ட். சி4எச்10ஓ-வுக்கு எத்தனை அமைப்பு மாற்றியம்னு ஒரு கேள்வி. இவன் ஒன்பது எழுதியிருக்கான், கைடுல ஏழுன்னு போட்டிருக்கு. கைடுதான் தப்புன்னு சண்டை போடுறான்.

[8:05] மாடி வீட்டு அண்ணன்: மெட்ரோ வாட்டர் லாரி இன்னிக்கு வருமா, வராதா?

[8:06] டீச்சர்: கைடு சரிதான்மா. நாலு கார்பன் (சி), பத்து ஹைட்ரஜன் (எச்), ஒரு ஆக்சிஜன் (ஓ), இதே அணுக்களை வேற வேற விதமா ஒட்டினா வர்ற மூலக்கூறுங்கதான் அமைப்பு மாற்றியம். ஒன்பதையும் போட்டோ எடுத்து போடச் சொல்லுங்க.

[8:09] கீழ்வீட்டு அக்கா: 📷 போட்டோ

[8:13] டீச்சர்: பார்த்தேன். அவன் எதையும் விடல, ஏழும் இருக்கு. ரெண்டை மட்டும் ரெண்டு தடவை எழுதிட்டான். 2வதா பியூட்டன்-2-ஆல், 3வதா "பியூட்டன்-3-ஆல்". அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. இடப்பக்கத்துலேர்ந்து எண்ணினா 3ன்னு வர்ற கார்பன், வலப்பக்கத்துலேர்ந்து எண்ணினா 2. எந்தப் பக்கம் சின்ன எண் வருதோ அதுதான் பேரு.

[8:14] டீச்சர்: அதே மாதிரி 7வது சி-ஓ-சி-சி-சி, 9வது சி-சி-சி-ஓ-சி. நோட்டைத் தலைகீழா திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. 9வது, 7வதா மாறிடும்.

[8:16] கீழ்வீட்டு அக்கா: திருப்பிப் பார்த்துட்டு தலையைச் சொறியுறான் 😀 எத்தனைன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இல்லையா டீச்சர்? எல்லாத்தையும் வரைஞ்சு வரைஞ்சு பார்க்கணுமா?

[8:21] டீச்சர்: வரையறதுக்கு முன்னாடி ரெண்டு கணக்கு இருக்கு.

முதல் கணக்கு எச். கார்பன் எண்ணிக்கையை ரெண்டால பெருக்கி ரெண்டு கூட்டணும். 4 கார்பனுக்கு 10 வரும். கேள்வியிலயும் 10தான். அதனால இரட்டைப் பிணைப்பும் இல்ல, வளையமும் இல்ல. ஆக்சிஜன் எத்தனை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இப்போ அந்த ஒரு ஆக்சிஜன் எங்க புகும்? கார்பனுக்கும் எச்சுக்கும் நடுவுல புகுந்தா ஆல்கஹால். ரெண்டு கார்பனுக்கு நடுவுல புகுந்தா ஈதர். வினைசெயல் தொகுதி மாற்றியம்னு பெருசா பேர் வெச்சிருக்காங்களே, இங்க அது இவ்ளோதான்.

[8:25] டீச்சர்: ரெண்டாவது, ஆல்கைல் தொகுதி (ஒரு எச் கழண்ட கார்பன் சங்கிலி) எத்தனை வகைன்னு ஞாபகம் வெச்சுக்கணும். மெத்தில் 1, எத்தில் 1, புரொப்பைல் 2, பியூட்டைல் 4, பென்டைல் 8. அடுத்தது 16ன்னு பசங்க அடிச்சு விடுவாங்க, ஹெக்சைல் 17.
பியூட்டைல் 4 வகைன்னா ஆல்கஹாலும் 4. ஈதருக்கு 4 கார்பனை ரெண்டு பங்கா பிரிக்கணும். 1+3ன்னா 1×2, ரெண்டு. 2+2ன்னா ஒண்ணு. ஆக மூணு. நாலும் மூணும் ஏழு.

[8:27] லேப் அண்ணன்: ஆறு கார்பன் ஈதர்ல ஒரு குழி இருக்கு டீச்சர், அதையும் சொல்லிடுங்க. 3+3 பிரிச்சா 2×2ன்னு நாலு போட்டுடுவானுங்க. ரெண்டு பக்கமும் நேர் புரொப்பைல்னா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஐசோபுரொப்பைல்னா ஒண்ணு, கலந்து ஒண்ணு. மூணுதான்.

[8:28] டீச்சர்: ஆமா, கரெக்ட். ரெண்டு பங்கும் சமமா இருந்தா பெருக்கக் கூடாது.

[8:29] கீழ்வீட்டு அக்கா: பியூட்டன்-2-ஆலுக்கு கண்ணாடி பிம்பம் இருக்காமே, அதைச் சேர்த்தா எட்டுன்றான்.

[8:31] டீச்சர்: அது முப்பரிமாண மாற்றியம். கேள்வில "அமைப்பு"ன்னு இருந்தா எது எதோட ஒட்டியிருக்குன்றது மட்டும்தான் கணக்கு. "மொத்த மாற்றியங்கள்"னு கேட்டா அப்போ எட்டு. கேள்வியை முழுசா படிக்கணும்.
இன்னொண்ணு. சங்கிலியை எல் மாதிரி மடிச்சு வரைஞ்சா அது கிளை ஆயிடாது. பென்சிலைத் தூக்காம எவ்ளோ கார்பன் போக முடியுதோ அதுதான் சங்கிலி. சந்தேகமா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதிடணும். பேர் ஒண்ணா இருந்தா மூலக்கூறும் ஒண்ணுதான்.

[8:33] பிரிட்ஜ் தம்பி: டீச்சர், பிரிட்ஜ் கேஸ் ஆர்600ஏ-ல கடைசில அந்த "ஏ" இன்னாத்துக்குன்னு கேப்பாங்க கஸ்டமருங்க. இந்த மாற்றியம்தானே அது?

[8:35] டீச்சர்: அதேதான் தம்பி. ஆர்600 நேர் சங்கிலி பியூட்டேன், ஆர்600ஏ கிளை விட்ட ஐசோபியூட்டேன். ரெண்டும் சி4எச்10. சங்கிலி இப்படி மாறினா சங்கிலி மாற்றியம், அதுக்கு நாலு கார்பனாவது வேணும். இன்னொரு பிரிட்ஜ் கேஸ் ஆர்134ஏ-லயும் அதே "ஏ"தான். சி2எச்2எஃப்4ல ஒரு கார்பன்ல மூணு ஃபுளோரின், இன்னொண்ணுல ஒண்ணு. ரெண்டு ரெண்டா சமமா பிரிஞ்சு நின்னா வெறும் 134. அது இட மாற்றியம்.

[8:42] பிரிட்ஜ் தம்பி: அப்ப நம்ம வேலைல இது எங்க உதைக்குதுன்னு நான் சொல்றேன். நேர் பியூட்டேன் கொதிக்கிறது மைனஸ் 0.5 டிகிரி, ஐசோ மைனஸ் 11.7. பிரீசர் காயில் மைனஸ் 23 பக்கம் ஓடணும். ஐசோவே அந்த சூட்டுல காத்தழுத்தத்துக்குக் கீழ, வேக்கத்துலதான் ஓடும். நேர் பியூட்டேன் போட்டா வேக்கம் இன்னும் ஜாஸ்தி, கேஸ் அடர்த்தி கம்மி, கம்ப்ரசர் சும்மா சுத்தும், கூலிங் வராது.

[8:44] பிரிட்ஜ் தம்பி: லோ சைடு (அழுத்தம் கம்மியான பக்கம்) வேக்கத்துல ஓடுறதால லீக் ஆச்சுன்னா கேஸ் வெளிய போறதுக்கு முன்னாடி காத்தும் ஈரமும் உள்ள பூந்துடும். அதனால சும்மா கேஸ் மட்டும் ஏத்திட்டு போறவனை நம்பாதீங்க. ஈரத்தை உறிஞ்சற ட்ரையர் மாத்தணும், வேக்கம் பம்ப் அரை மணி நேரமாவது ஓடணும். அப்பால தராசுல வெச்சு ஏத்தணும். வீட்டு பிரிட்ஜ்ல 40லேர்ந்து 80 கிராம்தான் புடிக்கும், அதுல 5 கிராம் தப்பினாலும் காட்டிக் குடுத்துடும். எவ்ளோன்னு பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கும்.

[8:45] மாடி வீட்டு அண்ணன்: சமையல் சிலிண்டர் கேஸும் பியூட்டேன்தானே? அதையே ஏத்தினா காசு மிச்சம்னு ஒருத்தர் சொன்னார்.

[8:47] பிரிட்ஜ் தம்பி: வேணாம்ணா!! அதுல புரொப்பேனும் கலந்து இருக்கு, அது மைனஸ் 42ல கொதிக்கிற சரக்கு. பிரஷர் எகிறும், கம்ப்ரசர் சூடாகி ட்ரிப் ஆவும். நாத்தத்துக்கு கலக்குற கந்தக மருந்தும் ஈரமும் வேற உள்ள போயிடும். 134ஏ கம்ப்ரசர்ல 600ஏ ஏத்துறதும் அதே மாதிரி தப்புதான், ரெண்டுக்கும் கம்ப்ரசர் உள்ள இருக்கற சிலிண்டர் அளவே வேற. உள்ள கேஸ் இருக்கறப்ப பத்தவெப்பு வெக்கவே கூடாது. காத்தை விட கனம், தரையோட தேங்கி நிக்கும். நைட்ரஜன் வுட்டு அலசிட்டுதான் நெருப்பு, இல்லாட்டி அமுக்கி மாட்டுற ஜாயிண்ட்.

[8:49] ரீஃபைனரி மாமா: மணலி பக்கமும் இதே கதைதான். வாகனத்துல போடுற பெட்ரோல்ல நேர் சங்கிலி இருந்தா என்ஜின் தட்டும், கிளை இருந்தா தட்டாது. சி8எச்18க்கு 18 மாற்றியம் இருக்கு. அதுல கிளை விட்ட 2,2,4-டிரைமெத்தில்பென்டேனுக்கு ஆக்டேன் எண் (தட்டாம எரியற திறனுக்கு மார்க்) 100. அதே 18ல ஒண்ணான நேர் ஆக்டேனுக்கு பூஜ்யத்துக்கும் கீழ.

[8:53] ரீஃபைனரி மாமா: அதனாலதான் லேசான நாஃப்தாவை (கச்சா எண்ணெய்ல பிரிச்சு எடுக்கற லேசான பகுதி) ஐசோமரைசேஷன் யூனிட்ல விட்டு நேர் சங்கிலியைக் கிளையா மாத்தறது. ஆக்டேன் எண் நேர் பென்டேனுக்கு 62, ஐசோபென்டேனுக்கு 92. ஒரு அணுவும் கூடாது, ஒண்ணும் குறையாது, எலும்புக்கூடு மட்டும் மாறும். பிளாட்டினம் வினையூக்கி, கூடவே ஹைட்ரஜன். சூட்டைக் கூட்டினா வேகம் வரும், ஆனா சமநிலை நேர் சங்கிலி பக்கம் சாயும். குளோரின் ஏத்தின அலுமினா வினையூக்கின்னா 120லேர்ந்து 180 டிகிரிக்குள்ளயே முடிச்சுக்கலாம், ஆனா ஒரு துளி ஈரமும் ஆகாது. ஈரம் பட்டா குளோரின் கழண்டு போய் வினையூக்கி செத்துடும். பிஎஸ்-6 (நம்ம நாட்டு வாகனப் புகை விதி) பெட்ரோல்ல பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல கூடாது. பென்சீன் இல்லாம ஆக்டேன் ஏத்த இது நல்ல வழி.

[8:54] கீழ்வீட்டு அக்கா: மாமா, பையன் வாயைப் பொளந்துட்டு படிக்கிறான். அப்படியே ஏழையும் லேப்ல எப்படி பிரிச்சு கண்டுபிடிக்கறதுன்னு கேக்குறான்.

[9:02] லேப் அண்ணன்: அது நம்ம ஏரியா. முதல்ல சோடியம். ஆல்கஹால் நாலும் குமிழி விடும், ஈதர் மூணும் விடாது. தப்பு எங்க நடக்கும்னா, ஈதர்ல ஈரம் இருந்தா அந்தத் தண்ணியே குமிழி விட்டு ஏமாத்திடும். அதனால நீரற்ற கால்சியம் குளோரைடு போட்டு காய வெச்சுட்டுதான் டெஸ்ட். சோடியம் பச்சைப்பயறு அளவு போதும். மிச்சத்தை ஸ்பிரிட்ல போட்டு கரைக்கணும், சிங்க்ல போட்டா தீப்பிடிக்கும். ஈதர் பாட்டில் திறந்திருக்கறப்ப பக்கத்துல பர்னர் எரியவே கூடாது.

[9:07] லேப் அண்ணன்: ஆல்கஹால் நாலையும் பிரிக்க லூகாஸ் கரைசல். நீரற்ற துத்தநாக குளோரைடு 68 கிராமை, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 52.5 கிராம்ல, ஐஸ்ல வெச்சு கலக்கணும். டெர்ட்-பியூட்டைல் ஆல்கஹால் உடனே கலங்கும். பியூட்டன்-2-ஆலுக்கு 5லேர்ந்து 10 நிமிஷம். மத்த ரெண்டும் அறை வெப்பத்துல அசையாது. எதுவுமே கலங்கலன்னா துத்தநாக குளோரைடு ஈரமாயிடுச்சுன்னு அர்த்தம். டப்பாவை மூடாம வெச்சா நம்ம கடற்காத்துல அரை நாள்ல கூழாயிடும்.
பியூட்டன்-2-ஆலுக்கு இன்னொரு சாட்சி அயோடோஃபார்ம் டெஸ்ட், மஞ்சள் வீழ்படிவு வரும். மிச்சம் இருக்கற ரெண்டுக்கும் கொதிநிலைதான். பியூட்டன்-1-ஆல் 117.7, ஐசோபியூட்டைல் 108.

[9:08] லேப் அண்ணன்: டெர்ட்-பியூட்டைல் 25 டிகிரி பக்கத்துல உறையும். ஏசி ரூம்ல பாட்டில் கட்டியா இருந்தா கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, வெந்நீர்ல வெச்சா உருகிடும் 😄

[9:10] டீச்சர்: ஈதர் மூணும் 31, 34.6, 39 டிகிரின்னு நெருங்கி நிக்கும். ஓ-வுக்கு ரெண்டு பக்கமும் ஆல்கைல் தொகுதி மட்டும் மாறுது, அதுதான் இணைமாற்றியம். ஒரே வாய்பாடு, ஒண்ணு 117, ஒண்ணு 34. ஓஎச் இருந்தா மூலக்கூறுங்க ஒண்ணையொண்ணு ஹைட்ரஜன் பிணைப்பால புடிச்சுக்கும், ஈதர்ல புடிக்க எச் இல்ல.

[9:12] காசிமேட்டு அத்தை: நீங்க பேசறது ஒண்ணும் வெளங்கலமா. மீனை புளித்தண்ணில கழுவுனா கவுச்சி போவுதே, அதுக்காச்சும் உங்க கெமிஸ்ட்ரில பதில் இருக்குதா?

[9:16] டீச்சர்: இருக்கு அத்தை, இதே பாடத்துலதான். கடல் மீன் செத்ததும் அதுல இருக்கற ஒரு ஆக்சைடை பாக்டீரியா டிரைமெத்தில் அமீனா மாத்தும். அதுதான் கவுச்சி. வாய்பாடு சி3எச்9என். இதே வாய்பாட்டுக்கு மொத்தம் நாலு மாற்றியம். மத்த மூணுல ரெண்டு 32லேர்ந்து 37 டிகிரிக்குள்ள கொதிக்கும், ஒண்ணு 48ல. இது மட்டும் 3 டிகிரியிலயே. நைட்ரஜன்ல ஒரு எச் கூட ஒட்டாததால ஒண்ணையொண்ணு புடிச்சுக்க முடியாம உடனே காத்துல கலந்து மூக்குக்கு வருது. புளில இருக்கற அமிலம் அதை உப்பா மாத்தி தண்ணியில நிறுத்திடும். அதனால புளித்தண்ணியை வடிச்சு வெளிய கொட்டணும், வெறுமனே பிசறி வெச்சா பத்தாது.

[9:17] காசிமேட்டு அத்தை: அத்தத்தான் காலம் காலமா பண்றோம் 😂

[9:19] லேப் அண்ணன்: தம்பிக்கு இன்னொண்ணு. சி3எச்6ஓ-ல புரொப்பனேல்ங்கற ஆல்டிஹைடையும் அசிட்டோனையும் பிரிக்க டாலன்ஸ் டெஸ்ட், ஆல்டிஹைடுதான் டியூப்ல வெள்ளிக் கண்ணாடி படிய வெக்கும். வெள்ளி நைட்ரேட் 2 மில்லி, நீர்த்த காஸ்டிக் சோடா ஒரு சொட்டு, பழுப்பு வீழ்படிவு வரும். அது கரையற வரைக்கும் மட்டும் அம்மோனியா, சொட்டு சொட்டா. ஜாஸ்தியானா டெஸ்ட் மழுங்கிடும். 60 டிகிரி வெந்நீர்ல நிறுத்தணும், பர்னர்ல காட்டக் கூடாது. டியூப்ல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா கண்ணாடி படியாது, கருப்புப் பொடிதான் வரும். முடிஞ்சதும் நைட்ரிக் அமிலம் ஊத்தி கொட்டிடணும். நாளைக்கு ஆகும்னு எடுத்து வெச்சா வெடிக்கற பொருள் உருவாகும்.

[9:21] டீச்சர்: சி3எச்6ஓ2 வந்தா உஷார். புரொப்பனாயிக் அமிலம் சோடா உப்புல நுரைக்கும், எஸ்டர் ரெண்டும் நுரைக்காது. ஆனா எத்தில் ஃபார்மேட் டாலன்ஸ்ல வெள்ளி குடுத்துடும், உள்ள ஆல்டிஹைடு முனை ஒளிஞ்சிருக்கு. வெள்ளி வந்தாலே ஆல்டிஹைடுன்னு எழுதினா மார்க் போச்சு.

[9:22] மாடி வீட்டு அண்ணன்: லாரி வந்துடுச்சு, முனைல நிக்குது. குடம் எடுத்துட்டு வாங்க.

[9:40] கீழ்வீட்டு அக்கா: தண்ணி புடிச்சுட்டு வந்துட்டேன். சி3எச்6ஓ-வுக்கு அவனே உக்காந்து எழுதியிருக்கான். எச் ரெண்டு கம்மி, அதனால ஒரு இரட்டைப் பிணைப்பு, இல்லன்னா ஒரு வளையம்னு ஆரம்பிச்சு எட்டு போட்டிருக்கான். 📷 போட்டோ

[9:46] டீச்சர்: ஆரம்பிச்ச விதம் சரி. புரொப்பனேல், அசிட்டோன், ஈனால் (இரட்டைப் பிணைப்பு இருக்கற கார்பன்லயே ஓஎச் ஒட்டினது) ரெண்டு, அல்லைல் ஆல்கஹால், மெத்தில் வினைல் ஈதர், ஆறும் இருக்கு. ஈனால் ரெண்டும் பாட்டில்ல நிக்காது, புரொப்பனேலாவும் அசிட்டோனாவும் திரும்பிடும், ஆனா எண்ணிக்கைல சேர்த்ததுதான் சரி. வளையத்துல சைக்ளோபுரொப்பனால் இருக்கு, மூணு அணு வளையத்துக்குள்ள ஓ போட்டு மெத்தில் தொங்கவிட்டதும் இருக்கு. நாலு அணு வளையத்தை விட்டுட்டான். மூணு சி, ஒரு ஓ, சதுரமா வரையச் சொல்லுங்க. ஆக்சிடேன். அதோட ஒன்பது.

[9:47] கீழ்வீட்டு அக்கா: இந்தத் தடவை ஒன்பது சரியான்னு சிரிக்கிறான்.