சீனாவின் மலைக் கிராம ரயில் 5633/5634: வயதான அம்மாவோடு போகலாமா?

யாங்கோன் வாசி:
விமானத்தில் குன்மிங் போய், அங்கிருந்து பன்ஜிஹுவா சேர்ந்து, லியாங்ஷான் மலைக்குள் ஓடும் இந்த மெது ரயிலில் புஷியோங் வரை போக எண்ணம். அம்மாவுக்கு 62 வயது, முட்டிவலி, சுத்த சைவம். நம்ம மியான்மர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லையே, டிக்கெட் எடுப்பதில் சிக்கல் வருமா?

மோல்மேன் அண்ணன்:
தாராளமாகப் போகலாம் தம்பி. ஆனால் முழுத் தூரமும் ஒரே நாளில் வேண்டாம். 350 கி.மீ.க்கு மேல், கிட்டத்தட்ட 10 மணி நேரம். படுக்கை கிடையாது, ஏ.சி. கிடையாது, எல்லாம் நிமிர்ந்த முதுகுச் சீட்டு. கழிவறை குத்துக்கால் வைத்து உட்காரும் வகை. முட்டிக்கு அதுதான் பெரிய சோதனை. கழிவு நேரே தண்டவாளத்தில் விழுவதால் ஸ்டேஷன் நெருங்கும்போதே பூட்டிவிடுவார்கள். அம்மாவை முன்கூட்டியே போய்வரச் சொல்லுங்கள். நடுவில் ஷிசாங்கில் இறங்கி இரவு தங்குவது நல்லது. புஷியோங் சிறிய ஊர், அங்கே தங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

கட்டணம் 1995க்குப் பிறகு ஏறவில்லை. குறைந்தது 2 யுவான், கடைசிவரை 26 யுவானை ஒட்டி வரும். யி இன விவசாயிகள் ஆடு, பன்றி, கோழியோடு சந்தைக்குப் போகும் வண்டி இது. உயிருள்ளவற்றுக்குத் தனிப் பெட்டி உண்டு. கூடைகள் நடைபாதையில் நிற்கும், காலை நீட்ட இடமிருக்காது.

பெயர் விஷயம்: சீன ரயில் டிக்கெட் எடுக்கும் 12306 செயலியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இடைவெளி உட்பட, அடியுங்கள். சரிபார்க்க நாளாகும் என்பதால் முன்பே பதிந்துவிடுங்கள். விற்பனை 15 நாள் முன்பு திறக்கும். சரிபார்ப்பு முடியவில்லை என்றால் ஸ்டேஷன் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி ரொக்கமாக வாங்கலாம். தானியங்கி வாசல் நம்ம பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஆள் நிற்கும் ஓர வாசலுக்குப் போங்கள். புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள்.

பெகு அக்கா:
சாப்பாடு பற்றி. கப் நூடுல்ஸில் காய்கறி படம் போட்டிருந்தாலும் உள்ளே மாட்டுக் கொழுப்பு எண்ணெய்ப் பாக்கெட் இருக்கக்கூடும். மசாலாத் தூளையும் எண்ணெயையும் அப்படியே ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பருப்புப் பொடி போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். பெட்டியின் ஓரத்தில் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். மூடி இறுகிய பிளாஸ்க் கொண்டுபோங்கள். வண்டி ஆடும்போது கப்பில் வெந்நீர் பிடித்துக்கொண்டு நடந்தால் கை வெந்துபோகும். அவல், வறுத்த கடலை, லப்பெத் (ஊறவைத்த தேயிலை) போதும். கத்தி கொண்டுபோகாதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், அந்த எண் அதன்மேல் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் அதுவும் போகும்.

தட்டோன் தம்பி:
இன்னொன்று. சீன மணி நம்ம மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். கைக்கடிகாரத்தை குன்மிங்கில் இறங்கியதும் திருப்பிவையுங்கள். குன்மிங், குன்மிங் தெற்கு இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன், நடுவே ரொம்பத் தூரம். பன்ஜிஹுவாவிலும் அதே கதை. டிக்கெட்டில் உள்ள சீன எழுத்தை ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள்.

யாங்கோன் வாசி:
ஷிசாங்கில் இறங்குவதாக முடிவு செய்துவிட்டேன். ஜன்னல் திறக்குமா?

மோல்மேன் அண்ணன்:
திறக்கும். ஆனால் சுரங்கப்பாதை வரும்போது மூடிவிடுங்கள். 1970இல் திறந்த பழைய செங்து–குன்மிங் பாதை இது. சுமார் 1,100 கி.மீ.க்கு 427 சுரங்கப்பாதைகள். தூசியும் இரைச்சலும் முகத்தில் அறையும், அம்மாவுக்குக் காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.