புதுப்பிப்பு: புது காரின் முதல் 1,500 கிலோமீட்டர்

புது காரை ஆரம்பத்தில் எப்படி ஓட்டிப் பழக்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீட்டர் இப்போது 1,540 காட்டுகிறது, வண்டி அருமையாக ஓடுகிறது.

கைகொடுத்தது, "ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள்" என்ற யோசனைதான். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் சீராகப் போனால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பிஸ்டன் ரிங் (எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சிலிண்டர் சுவரோடு நன்றாகப் படிய, எஞ்சின் மேல் சுமை ஏறி இறங்க வேண்டும். அதனால் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடவே இல்லை. 2,000-க்கும் 3,500-க்கும் நடுவே ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை) மாற்றி மாற்றி ஓட்டினேன். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கவில்லை. டாப் கியரில் திணறவும் விடவில்லை. பிரேக்கும் டயரும் படிய, முதல் 300 கிலோமீட்டர் வரை முன்னால் போகும் வண்டியிலிருந்து இடைவெளி விட்டே போனேன்.

எதிர்பாராதது இரண்டு. முதல் நாள் பானெட் பக்கம் லேசாகத் தீய்ந்த வாடை வந்து பயந்துபோனேன். புது பாகங்களின் மேல்பூச்சு சூட்டில் காயும்போது வருவதுதான்; மூன்றாம் நாள் போய்விட்டது. அப்புறம், 1,000 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை) துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தால், மேல்கோட்டில் இருந்த ஆயில் நடுவுக்கு இறங்கியிருந்தது. ரிங் படியும்வரை கொஞ்சம் குடிக்கும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. "ஆயிலை அடிக்கடி பாருங்கள்" என்றவருக்குத் தனி நன்றி. கடைசி 500-ல் மட்டம் இறங்கவில்லை.