புதுப்பிப்பு: ஒரே ஒலிபெருக்கி, வேறு வேறு செவிகள்

ஒரே சோடி ஒலிபெருக்கியை என் மைத்துனர் தெளிவானது என்றும், தவில் வாசிக்கும் அயலவர் உயிரற்றது என்றும் சொன்னது ஏன் என்று இந்த இழையில் முன்னர் கேட்டிருந்தேன். ரசனை வேறுபாடு என்றே பலரும் பதிலளித்தீர்கள். அது முழு விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

ஒலியியல் ஆய்வாளர் சோன் ஆலிவ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியைக் கேட்டு மதிப்பிடுவதில் பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியற்றவர்களும் ஒலிபெருக்கிகளைப் பெரும்பாலும் ஒரே வரிசையிலேயே விரும்பினர். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் குறைவான மதிப்பெண்களை, அதிக நிலைத்தன்மையுடன் வழங்கினர். அனுபவம் விருப்பத்தைப் புரட்டுவதில்லை, குறையைப் பிரித்தறியும் கூர்மையையே தருகிறது என்று நான் இதனைக் கொள்கிறேன். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவிலுக்கு அருகே நின்று கேட்டு வளர்ந்த செவிக்கு வலந்தலையின் (தவிலின் வலது முகம்) வெட்டொலியும் தொப்பியின் (இடது முகம்) ஆழமும் அளவுகோலாகிவிடுகின்றன.

சற்றுக் கூடிய சத்தமே சிறந்த தரமாகத் தோன்றிவிடும் என்பதால், இம்முறை அந்தச் சோடியையும் வேறொரு சோடியையும் சம சத்தத்தில் வைத்து, தவில் தனியாவர்த்தனம் ஒன்றையே ஒலிக்கச் செய்தோம். எதைக் கவனிக்க வேண்டும் என்று அயலவர் சொல்லிக்கொடுத்ததும், முதற் சோடியில் தொப்பியின் ஒலி மெலிந்திருப்பதை மைத்துனரும் கண்டுகொண்டார். அந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சுவரருகே நகர்த்தியபின் தாழ்ந்த ஒலிகள் பலப்பட்டு, அக்குறை ஓரளவு நீங்கியுள்ளது.