நூல் கடைக்கு ஃபயர்வால்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

செந்தில் மாமா: கவின் கண்ணு, கடை நெட்வொர்க்குக்குக் காவலாக ஃபயர்வால் வாங்கச் சொல்லி ஒருத்தர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பெட்டிக்கு ஒரு விலை, வருஷா வருஷம் லைசென்ஸ் தனி. இருப்பது எட்டு கம்ப்யூட்டர். அவ்வளவு அவசியமா?

கவின்: அவசியம்தான் மாமா. முதலில் ஒன்று சொல்லுங்க, அத்தை வீட்டிலிருந்து டேலி கணக்கை எப்படிப் பார்க்கிறார்கள்?

சித்ரா அத்தை: ரிமோட் டெஸ்க்டாப்பில்தான். டேலி போட்டுக் கொடுத்தவர் ரூட்டரில் ஏதோ திறந்துவிட்டுப் போனார். ஐபி நம்பரைப் போட்டால் கடை கம்ப்யூட்டர் வந்துவிடும்.

கவின்: கொட்டேஷனை விட அதுதான் கவலை அத்தை. அவர் திறந்தது ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே வரும் வாசலான 3389 போர்ட்டாக இருக்கும். உங்களுக்கு வருகிற அதே லாகின் திரை, அந்த ஐபியைத் தட்டுகிற எவருக்கும் வரும். இதற்கென்றே புரோகிராம்கள் ராப்பகலாக ஒவ்வொரு ஐபியாகத் தட்டிப் பார்க்கின்றன.

செந்தில் மாமா: அந்த நம்பரை மாற்றி வைத்திருப்பதாகச் சொன்னாரே?

கவின்: மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும் மாமா. அத்தை, இப்போது லாகினில் இருந்தால் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவர் திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடுங்க. தோற்றுப்போன லாகின் எல்லாம் அதில் விழும்.

சித்ரா அத்தை: ஐயோ, பக்கம் பக்கமாக வருகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், டேலி என்று விதவிதமான பெயர். ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் இருக்கிறது. நான் அந்நேரம் தொடவே இல்லை.

கவின்: ஒன்று பலித்தால் போதும் அத்தை, டேலி டேட்டா முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். அது விண்டோஸ் 7 என்றால் இன்னும் மோசம். 2019-இல் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

செந்தில் மாமா: இப்போது என்ன செய்ய?

கவின்: ரூட்டரில், வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் இருப்பதை எல்லாம் அழித்துவிடுங்க. சிலதில் வர்ச்சுவல் சர்வர் என்றிருக்கும். யுபிஎன்பி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா ரெக்கார்டர் தானாகவே போர்ட் திறந்துகொள்ளும். 2016-இல் மிராய் வைரஸ் இப்படி வெளியே தெரிந்த கேமராக்களில்தான், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை வைத்தே புகுந்தது.

செந்தில் மாமா: அப்புறம் பெட்டி?

கவின்: யார் பராமரிப்பது என்பதை வைத்து முடிவு செய்யலாம். நான் பார்ப்பதென்றால் இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள மினி பிசியில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் சாஃப்ட்வேர் போட்டால் போதும், அது இலவசம். வெளி ஆள்தான் என்றால் கம்பெனிப் பெட்டி நல்லது. ஆனால் கொட்டேஷனில் உள்ள வேகம் எதையும் சோதிக்காமல் சும்மா கடத்திவிடும் வேகம். ஊடுருவலைப் பிடிக்கும் சோதனையை ஓட விட்டால் எவ்வளவு வரும், லைசென்ஸ் முடிந்தால் எதெல்லாம் நிற்கும், இரண்டையும் எழுதி வாங்குங்க.

பிரியா: அப்பா மொபைலில் கேமரா பார்ப்பாரே, அண்ணா?

கவின்: பார்க்கலாம் பிரியா. மாறாத ஸ்டேட்டிக் ஐபி இருப்பதால் ஃபயர்வாலிலேயே வயர்கார்டு விபிஎன், அதாவது பூட்டிய தனிப் பாதை, போடுவேன். டேலிக்கும் கேமராவுக்கும் அந்த ஒரே வழி. உள்ளே வருவதெல்லாம் தடை என்று தொடங்கி, தேவையானதை மட்டும் அனுமதிப்போம். கேமராக்கள் தனி விஎல்ஏஎன்னில், அதாவது பிரித்து வைத்த நெட்வொர்க்கில், இருக்கும், அங்கிருந்து டேலி பக்கம் போக முடியாது. ஐபி எண்ணின் புதிய வகையான ஐபிவி6-க்கும் இதே விதிகள் வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சித்ரா அத்தை: 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி வரி ரிட்டர்ன் போட வேண்டும். அதற்குள் டேலி நின்றால் கஷ்டம் கவின்.

கவின்: அப்படியென்றால் 21-க்கு மேல் வருகிறேன். போர்ட்டை மட்டும் இன்றைக்கே மூடிவிடுங்க. பேக்கப்பை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

சித்ரா அத்தை: சரி, அதுவரை கடைக்கே வந்து என்ட்ரி போட்டுக்கொள்கிறேன்.

செந்தில் மாமா: ரூட்டரில் மூன்று வரி இருந்தது, அழித்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன், பார் கண்ணு.