24 எடுத்தவர் 26 எடுத்தால் மூளை தேறிவிட்டதா?

கறார்க்கணக்கர்:
"முதியவர் ஒரு மாதம் நடந்து, குறுக்கெழுத்தும் போட்டால் மோகா என்கிற 30 மதிப்பெண் நினைவாற்றல்-சிந்தனைத் தேர்வில் 24 என்பது 26 ஆகும்" என்று நடைராசா நேற்று அள்ளி விட்டிருக்கிறார். அதே தாளை ஒரே மாதத்தில் மறுபடி நீட்டினால் படுத்தே கிடந்தவருக்கும் ஏறும், ஐயா! சொற்கள் பழகியிருக்கும். மாற்றுத் தாள்கள் எதற்கு இருக்கின்றன? படிப்பு 12 ஆண்டோ அதற்குக் கீழோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும். முதல் தடவை கூட்டினீர்களா?

நடைராசா:
12-க்குக் குறைவாக இருந்தால்தான் கூட்டுவார்கள். முதலில் படிவத்தைப் படியுங்கள்.

கறார்க்கணக்கர்:
12-ம் சேர்த்திதான். படிவத்தின் அடியிலேயே இருக்கிறது.

ஓரமாய்நிற்பவள்:
அந்த ஒரு மதிப்பெண்ணே கேலிக்கூத்து. பள்ளிப்படி மிதிக்காதவருக்கும் 12 முடித்தவருக்கும் ஒரே சலுகையா? பென்சில் பிடித்தறியாத கை கனசதுரம் வரையுமா, கடிகாரத்தில் 11 மணி 10 நிமிடம் காட்டுமா? அவர்களுக்கென்றே மோகா பேசிக் இருக்கிறது, எடுப்பாரில்லை. காதையும் யாரும் பார்ப்பதில்லை. ஐந்து சொல்லையும் அரைகுறையாகக் கேட்டவர் ஐந்து நிமிடம் கழித்து எதைத் திருப்பிச் சொல்வார்? 5 மதிப்பெண் அங்கேயே காலி. செவிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவருக்கு 'மறதி' என்று எழுதிவிடுகிறார்கள்.

கறார்க்கணக்கர்:
காது சரி. முந்தைய இரவுத் தூக்கம், மனச்சோர்வு, டைஃபென்ஹைட்ரமின் மாதிரி மந்தமாக்கும் மாத்திரை, இவையும் இழுத்துவிடும். திருத்துபவரும் சொதப்புவார். 100-இலிருந்து ஏழேழாகக் கழிக்கையில் 92 என்று தவறி, பிறகு 85, 78, 71, 64 என்று போனால் பிழை ஒன்றுதான். நான்கு சரியென்றாலே முழு 3 மதிப்பெண். பலர் ஐந்தையும் அடித்துவிடுவார்கள்.

நடைராசா:
அப்போது நடை வீண்? பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு, 2015. 60 முதல் 77 வயது வரை 1,260 பேர், 2 ஆண்டு. உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு. முன்னேறினார்கள்!

கறார்க்கணக்கர்:
வெறும் ஆலோசனை பெற்ற குழுவும்தான் ஏறியது. வித்தியாசம் எவ்வளவு என்பதே பேச்சு. அங்கே வைத்தது மோகாவும் அல்ல, ஒரு மாதமும் அல்ல, நடை மட்டுமும் அல்ல.

ஓரமாய்நிற்பவள்:
இருவருக்கும் காது பரிசோதனை அவசரம். நான் கேட்டதற்குப் பதிலே இல்லை.

நடைராசா:
அது கிடக்கட்டும். 12-க்குக் குறைவு என்றுதான் நான் இன்னமும் சொல்கிறேன்.

கறார்க்கணக்கர்:
12-ம் சேர்த்தி.